வார நாட்களில் அந்த நாய் யாருடையது?

மட்டக்களப்பு நகருக்குத் தெற்கே, வாவியை அண்டிய கிராமமொன்றிலிருந்து அரச உத்தியோகத்தர் ஒருவர் எழுதிய நீண்ட கடிதத்துக்கு இம்முறை பதிலளிக்கிறேன். ஆளை அடையாளம் காட்டக்கூடிய விபரங்களை நீக்கிவிட்டு, கடிதத்தின் சாரத்தை முதலில் தருகிறேன்.

அவருக்கு வேலை அம்பாறை நகரில். திங்கட்கிழமை விடியற்காலையில் புறப்பட்டால் வெள்ளிக்கிழமை இரவுதான் வீடு திரும்புகிறார். வீட்டில் ஆசிரியையான மனைவியும் ஏழு வயது மகளும், ஆஸ்துமாவும் முழங்கால் நோவும் உள்ள தாயாரும் இருக்கிறார்கள். இருபது பேர்ச் வளவு. முன்பக்கம் மதில், ஏனைய மூன்று பக்கமும் கம்பி வேலி. வாசலில் சோறு தின்று வளர்ந்த ஊர் நாயொன்றும் சில கோழிகளும் ஏற்கனவே உண்டு. அண்மையில் ஒழுங்கையில் இரண்டு வீடுகளில் களவு போயிருக்கிறது. அந்தச் சமயத்தில், கொழும்புப் பக்கத்துக் காப்பகமொன்றில் ஐந்து வயது ஆண் அல்சேசன் ஒன்று இருப்பதாக நண்பர் ஒருவர் சொல்ல, அதை எடுத்துவிட வேண்டும் என்று மனம் வைத்துவிட்டார். உரிமையாளர்கள் வெளிநாடு போனபோது காவலாளியின் பொறுப்பில் விட்டுப்போன நாய் அது. ஒரு வருடத்துக்கும் மேலாகக் கார்க் கொட்டிலில் சங்கிலியோடு கிடந்திருக்கிறது. இப்போது நிறை 29 கிலோ. நன்றாகச் சாப்பிட்டும் உடம்பு தேறவில்லை என்பதையும், காலையில் எழும்பும்போது பின்னங்கால்கள் விறைத்திருப்பதையும் காப்பகத்தார் மறைக்காமல் சொல்லியிருக்கிறார்கள். நலமடித்த பின்னரே தருவோம், சங்கிலியில் கட்டி வளர்க்கக் கூடாது என்பவை அவர்களது நிபந்தனைகள்.

கடிதத்தில் கேள்விகள் பல. தான் இல்லாத நாட்களில் இந்த நாய் வீட்டுக்குக் காவலாக இருக்குமா? ஐந்து வயது நாய் புதிய வீட்டில் ஒட்டுமா? நம் வெயிலுக்கு முடியை மழித்துவிடலாமா? நலமடிக்காமல் வாங்கி, குட்டி போட விட்டுச் செலவை ஈடுகட்ட முடியாதா? நாய்முடி வயிற்றுக்குள் போனால் நோய் வரும் என்று அம்மா சொல்வது உண்மையா? பின்வளவில் இருக்கும் முஸ்லிம் குடும்பத்தோடு மனக்கசப்பு வருமா? இத்தனைக்கும் நடுவில் மனைவியைப் பற்றி ஒரேயொரு வரிதான் இருக்கிறது: "அவவிடம் கேட்டேன், உங்கட விருப்பம் என்று சொல்லிவிட்டா."

அன்புள்ள ஐயா,

கைவிடப்பட்ட நாயொன்றுக்கு, அதுவும் குட்டியல்லாத நாய்க்கு, இடம் கொடுக்க நினைப்பது நல்ல எண்ணம். பெரிய இன நாய்களைக் குட்டியாக வாங்கப் பலர் இருக்கிறார்கள்; 2022 இன் பொருளாதார நெருக்கடியில் தீனியின் விலையும் மருந்தின் விலையும் ஏறியபோது அவற்றைத் தெருவிலும் காப்பக வாசலிலும் விட்டுப்போனவர்களும் இருந்தார்கள். ஆகவே உங்களை மறிக்க நான் இதை எழுதவில்லை. ஆனால் உங்கள் கடிதத்தின் அந்த ஒற்றை வரியிலிருந்துதான் நான் தொடங்க வேண்டியிருக்கிறது.

வாரத்தில் ஐந்து நாட்கள் நீங்கள் வீட்டில் இல்லை. நாய்க்குச் சாப்பாடு வைப்பவர், காலையும் மாலையும் கயிற்றைப் பிடித்து நடத்துபவர், உண்ணி பார்ப்பவர், பேதி போனால் கழுவுபவர், இடியோசைக்கு மிரண்டு கதவைப் பிறாண்டும்போது எழும்பிப் பார்ப்பவர் எல்லாம் உங்கள் மனைவியாகவே இருப்பார். நாய்க்கு உரிமையாளர் யார் என்பதைக் காகிதம் தீர்மானிப்பதில்லை. அது யாருடைய சொல்லுக்குத் திரும்பிப் பார்க்கிறதோ அவரே உரிமையாளர். அந்த வகையில் இது உங்கள் மனைவியின் நாய். "உங்கட விருப்பம்" என்பது சம்மதமா, சலிப்பா என்பதை நீங்கள்தான் அறிவீர்கள். எனினும் ஒரு கால்நடை வைத்தியனாக, அந்த வார்த்தையின் மேல் முப்பது கிலோ நாயொன்றைக் கொண்டுவந்து விட நான் பரிந்துரைக்க மாட்டேன். காப்பகத்துக்கு நீங்கள் மட்டும் போகாமல் அவரையும் அழைத்துச் செல்லுங்கள். நாயின் கயிற்றை முதலில் அவர் பிடிக்கட்டும், அரை மணி நேரம் நடத்தட்டும், கையிலிருந்து உணவு கொடுக்கட்டும். அது இழுத்தால் அவரால் நிறுத்த முடிகிறதா என்று பாருங்கள். நெஞ்சுப் பக்கத்தில் கொக்கி உள்ள தோள்வார்ப் பட்டியை அணிவித்தால் இழுவை பெருமளவு குறையும். அதன் பிறகும் அவருக்குத் தயக்கம் இருந்தால், அந்தத் தயக்கமே உங்களுக்கான பதில்.

இன்னொன்றையும் நீங்கள் கணக்கில் எடுக்கவில்லை. மனைவி பாடசாலைக்கும் மகள் பாடசாலைக்கும் போன பின், காலை ஏழு மணியிலிருந்து பகல் இரண்டு மணி வரை அந்த வீட்டில் இருப்பவர் உங்கள் தாயார் மட்டுமே. முழங்கால் நோவோடு நடக்கும் ஒருவரை, அன்பினால் பாய்ந்து வரும் பெரிய நாய் விழுத்திவிட ஒரு நொடி போதும். வயதான பெண்களுக்கு விழுந்து இடுப்பெலும்பு முறிவதென்பது ஆஸ்துமாவை விடப் பாரதூரமாக முடியக்கூடியது. நாய்முடியைப் பற்றி அவர் கவலைப்படுகிறார். நான் அவருடைய கால்களைப் பற்றிக் கவலைப்படுகிறேன். ஆகவே சங்கிலிக்குப் பதிலாக, நிழலுள்ள இடத்தில் ஏறத்தாழ பத்தடி அகலமும் இருபதடி நீளமும், ஆறடி உயர வலையும் கொண்ட அடைப்பொன்றை நாய் வருவதற்கு முன்பே கட்டி முடியுங்கள். காலை நேரத்தை அது அங்கே கழிக்கட்டும். அம்மா அந்த அடைப்பைத் திறக்கும் தேவையே ஏற்படக் கூடாது. தண்ணீர்ப் பாத்திரத்தை வெளியிலிருந்தே நிரப்பக்கூடியதாக அமையுங்கள்.

காவல் என்ற எதிர்பார்ப்பு

திருடனைத் தடுப்பது பெரும்பாலும் குரைப்புத்தான். அந்த வேலையை உங்கள் ஊர் நாய் இப்போதே செய்துகொண்டிருக்கிறது. ஒழுங்கையில் யார் புதியவர், யார் பழகியவர் என்பதும் அதற்குத் தெரியும். புதிதாக வரும் அல்சேசனுக்கோ திருடனும் ஒன்றுதான், மோட்டார் சைக்கிளில் வரும் மீன்காரரும் ஒன்றுதான், மின்மானி பார்க்க வருபவரும், மகளோடு விளையாட வரும் அடுத்த வீட்டுப் பிள்ளையும் ஒன்றுதான். பயிற்சியில்லாத பெரிய நாயைக் காவலுக்கென்று ஏவிவிடும் வீடுகளில் கடிபடுபவர்கள் அநேகமாக இவர்களே. பகலில் கட்டி வைத்து இரவில் அவிழ்த்து விட்டால் "குணம்" ஏறும் என்று நம் பக்கத்தில் சொல்வார்கள். ஏறுவது பயமும் எரிச்சலும். ஏற்கனவே ஒரு வருடம் சங்கிலியில் கிடந்த நாய்க்கு அதைத் திரும்பச் செய்வது கொடுமை. களவுக்குப் பயமென்றால் பின்புறத்தில் ஒரு வெளிச்சமும் கதவுக்கு நல்ல தாழ்ப்பாளும் போடுங்கள். இரண்டுக்கும் சேர்த்து வரும் செலவு இந்த நாயின் சில மாதத் தீனிச் செலவுதான். நாயை நாய்க்காகவே எடுங்கள். அதன் உருவத்தைப் பார்த்து யாராவது படலையிலேயே திரும்பிப் போனால் அது உங்களுக்குக் கிடைக்கும் உபரி.

ஐந்து வயதில் ஒட்டுமா என்ற சந்தேகம் மட்டும் தேவையற்றது. வளர்ந்த நாயின் குணத்தை இப்போதே பார்த்து முடிவெடுக்கலாம்; குட்டியில் அது லொத்தர் மாதிரி. மீட்பு நாய்களோடு பழகுபவர்கள் மூன்று நாள், மூன்று வாரம், மூன்று மாதம் என்று ஒரு கைக்கணக்குச் சொல்வார்கள். முதல் மூன்று நாட்களும் நாய் ஒடுங்கிக் கிடக்கும், சாப்பாட்டைத் தொடாமலும் விடும். மூன்று வாரத்தில் வீட்டின் ஒழுங்கு பிடிபடும். மூன்று மாதத்தில்தான் உண்மையான சுபாவம் தெரியும். முதல் வாரத்துச் சாதுவைப் பார்த்து "நல்ல நாய்" என்று உறவினரையெல்லாம் வரவழைத்துக் காட்ட வேண்டாம். அல்சேசன் பொதுவாக 9 முதல் 13 ஆண்டுகள் வாழும் இனம். ஆகவே உங்கள் மகள் சாதாரண தரப் பரீட்சைக்கு ஆயத்தமாகும் வயது வரை இந்தப் பொறுப்பு நீளலாம்.

முதலில் உடம்பு

காப்பகத்தார் சொன்ன இரண்டு அறிகுறிகளையும் நான் சாதாரணமாக எடுக்க மாட்டேன். "பட்டினி கிடந்த நாய், நம் வீட்டுச் சோறும் மீனும் தின்றால் தேறிவிடும்" என்று நீங்கள் எழுதியிருப்பது சரியாகவும் இருக்கலாம். ஆனால் போதிய அளவு சாப்பிட்டும் நிறை ஏறாத அல்சேசன் என்றதும் எனக்கு மூன்று காரணங்கள் வரிசையாக நினைவுக்கு வரும். முதலாவது குடற்புழு, மலப் பரிசோதனையில் தெரிந்துவிடும், மலிவாகத் தீர்ந்துவிடும். இரண்டாவது உண்ணிக் காய்ச்சல். உண்ணி மூலம் பரவும் எர்லிக்கியா என்ற கிருமி எந்த நாயையும் தாக்கும். அல்சேசன் இனத்தில் அது கடுமையாக வெளிப்படும் என்பது எங்கள் துறையில் நன்கு அறியப்பட்ட விடயம். கார்க் கொட்டிலில் கிடந்த நாய்க்கு உண்ணி கடித்திருக்காது என்று நம்ப இடமில்லை. குருதிச் சிறுதட்டுக்களின் எண்ணிக்கையையும் குருதிப் பூச்சையும் பார்க்கச் சொல்லுங்கள். எர்லிக்கியா என்றால் ஏறத்தாழ நான்கு வாரம் மருந்து கொடுக்க வேண்டிவரும்.

மூன்றாவது காரணம் சதையி, அதாவது கணையம், சமிபாட்டு நொதியங்களைச் சுரக்காமல் போவது. இதுவும் அல்சேசனில் அடிக்கடி காணப்படும் குறைபாடு. அந்த நாய்கள் பேய்ப்பசியோடு தின்னும், ஆனால் விலா எலும்பு எண்ணலாம். மலம் அளவில் மிக அதிகமாகவும், வெளிறி, எண்ணெய்ப் பிடிப்போடு கூழ்போலவும் இருக்கும். சில நாய்கள் தம் மலத்தையே தின்னும். ஆகவே காப்பகத்தாரிடம் நாயின் படத்தைக் கேட்பதுபோல் அதன் மலத்தின் படத்தையும் கேளுங்கள், வெட்கப்பட ஒன்றுமில்லை. குருதிப் பரிசோதனையில் இது உறுதியானால், ஒவ்வொரு வேளை உணவிலும் நொதியத் தூளைக் கலந்து ஆயுள் முழுவதும் கொடுக்க வேண்டும். தூள் விலை கூடியது, எப்போதும் கிடைப்பதும் இல்லை. அப்போது இறைச்சிக்கடையில் மாட்டின் பச்சைக் கணையத்தைச் சொல்லி வைத்து வாங்கி, அரைத்துக் குளிரூட்டியில் உறைய வைத்துப் பயன்படுத்துவோரும் உண்டு. மாட்டிறைச்சி புழங்காத வீடாக இருந்தால் இதையும் முன்கூட்டியே யோசிக்க வேண்டும். நோய் பயங்கரமானதல்ல; கவனித்தால் நாய் நன்றாக வாழும். ஆனால் அந்தக் கவனிப்பு ஒரு நாளும் தவறக் கூடாத ஒன்று, அதைச் செய்யப்போகிறவர் யார் என்பதை மேலே சொல்லிவிட்டேன்.

பின்னங்கால் விறைப்புக்கு இடுப்பு மூட்டுக் குறைபாடே முதற் சந்தேகம். மயக்க மருந்து கொடுத்து எக்ஸ்ரே எடுத்தால்தான் சரியாகத் தெரியும். பேராதனைப் பல்கலைக்கழகக் கால்நடை மருத்துவ பீடத்தின் போதனா வைத்தியசாலையிலோ, கொழும்பில் வசதியுள்ள தனியார் நிலையமொன்றிலோ செய்விக்கலாம். நாய் கிழக்குக்கு வந்த பின் அலைவதை விட, அங்கே இருக்கும்போதே செய்வித்து விடுவது புத்தி. அதற்கு முன் செலவில்லாத ஒரு சோதனை இருக்கிறது: பின்னங்கால் பாதங்களைக் கிட்டத்தில் படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள். நடு நகங்களின் மேற்புறம் தேய்ந்திருந்தால், நாய் பாதத்தை இழுத்து நடக்கிறது என்று அர்த்தம். அப்போது மூட்டை மட்டுமல்லாமல் முள்ளந்தண்டையும் பார்க்க வேண்டும். வெறும் மூட்டு விறைப்பென்றால் நிறையை 32, 33 கிலோவுக்கு மேல் ஏறவிடாமல் வைத்திருப்பதும், வழுக்கும் ரைல்ஸ் தரையில் அது படுக்கும் இடத்திலும் எழும்பும் இடத்திலும் தும்புப் பாய் விரிப்பதும் பாதி வைத்தியம். நோவென்று பார்த்துப் பனடோலோ, வீட்டிலிருக்கும் வேறு நோ மாத்திரையோ கொடுத்துவிடாதீர்கள். மனிதருக்கான இந்த மருந்துகள் நாயின் ஈரலையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும். மாத்திரையால் நாயைச் சாகக் கொடுத்தவர்கள் எல்லாரும் அன்பினால்தான் கொடுத்தார்கள்.

நலமடித்தல் பற்றிய உங்கள் யோசனைக்கும் விடை இதற்குள்ளேயே இருக்கிறது. இடுப்பு மூட்டுக் குறைபாடு பரம்பரையாக இறங்குவது. பின்னங்கால் விறைக்கும் நாயிடமிருந்து குட்டி எடுத்து விற்பது, அந்த நோவை இன்னும் எட்டு வீடுகளுக்குப் பங்கிட்டுக் கொடுப்பதாகும். நலமடித்தால் நாய் கோழையாகும் என்பதும் தவறு. அலைச்சலும் வேலி தாண்டும் துடிப்பும் குறையும். வீட்டைத் தன்னுடையதாக நினைத்துக் குரைக்கும் இயல்பு குறையாது. காப்பகத்தாரின் நிபந்தனை நியாயமானது, அதில் பேரம் பேச வேண்டாம்.

செலவைப் பற்றி ஒரு வார்த்தை. பெரிய நாய்க்கு எல்லாமே நிறைக் கணக்கு. பூச்சி மாத்திரை பத்துக் கிலோவுக்கு ஒன்று என்றால் இதற்கு மூன்று. உண்ணி மாத்திரையும் மயக்க மருந்தும் அப்படியே. முப்பது கிலோ நாய்க்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 1,400 முதல் 1,500 கலோரி தேவை. வீட்டுச் சோற்றையும் மீனையும் அடிப்படையாக வைத்துக்கொள்ளலாம், நாய்க்குச் சோறு செரிக்கும். ஆனால் அது மட்டும் போதாது, கல்சியமும் சில கனியுப்புக்களும் குறைந்துவிடும். பாதிச் சோறு, பாதி உலர் தீனி என்று தொடங்கி, நிறையைப் பார்த்து மாற்றுங்கள். உப்பும் மிளகாயும் வெங்காயமும் சேர்ந்த கறிச்சட்டி மிச்சமும், வெந்த கோழி எலும்பும் அறவே வேண்டாம். ஒரே தடவையில் வயிறு முட்ட வைக்காமல் இரண்டு வேளையாகப் பிரித்துக் கொடுங்கள்; சாப்பிட்ட உடனே ஓட விட வேண்டாம். ஆழ்ந்த நெஞ்சுள்ள பெரிய நாய்களுக்கு இரைப்பை காற்றால் ஊதி முறுக்கிக்கொள்ளும் ஆபத்து உண்டு. வயிறு மத்தளம் போல் உப்பி, வாந்தியெடுக்க முயன்றும் ஒன்றும் வராமல் நாய் தவித்தால் விடியும் வரை காத்திருக்கக் கூடாது. இரவில் சத்திரசிகிச்சை செய்யக்கூடியவர் உங்களுக்கு எட்டிய தூரத்தில் யார் என்பதை நாய் வருவதற்கு முன்பே விசாரித்து, இலக்கத்தை மனைவியின் தொலைபேசியிலும் பதிந்து வையுங்கள்.

கச்சானும் மாரியும்

முடியை மழிக்க வேண்டாம். அல்சேசனுக்கு மேல்முடி, உள்முடி என இரண்டு அடுக்கு. நாய் உடம்பால் வியர்த்துக் குளிர்வதில்லை, வாயைத் திறந்து இளைத்தே சூட்டை வெளியேற்றுகிறது. மழித்துவிட்டால் வெயில் நேரே தோலில் விழும். உதிரும் உள்முடியை வாரத்துக்கு இரண்டு மூன்று தடவை சீவி எடுத்துவிடுவதே சரி. கச்சான் எனப்படும் சுடுகாற்று வீசும் மாதங்களில் நடத்துவதை காலை ஏழு மணிக்கு முன்பும் பொழுது சாய்ந்த பின்பும் வைத்துக்கொள்ளுங்கள். புறங்கையைத் தார் வீதியில் வைத்துப் பாருங்கள். உங்களால் தாங்க முடியாவிட்டால் அதன் பாதத்தாலும் முடியாது. அடைப்பின் கூரைக்குத் தகரம் போடாமல் கிடுகு வேயுங்கள். நாய் கட்டுக்கடங்காமல் இளைத்து, வாயில் நுரை தள்ளி, தள்ளாடினால் உடனே வாகனத்தில் ஏற்ற ஓட வேண்டாம்: முதலில் உடம்பு முழுவதும் குழாய்த் தண்ணீரை ஊற்றி விசிறியின் முன் வையுங்கள், சூடு தணியத் தொடங்கிய பின் கொண்டு செல்லுங்கள்.

மாரியைப் பற்றி வாவிக்கரைக்காரருக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. 2011 ஜனவரி வெள்ளத்தை நீங்களும் கண்டிருப்பீர்கள். இடம்பெயர வேண்டி வந்தால், சனம் நிறைந்த பாடசாலை மண்டபத்துக்குள் அல்சேசனைக் கொண்டுபோக முடியாது. மேட்டு நிலத்தில் அதை வைத்திருக்கச் சம்மதிக்கும் உறவினர் ஒருவரை இப்போதே பேசி வையுங்கள். வெள்ளநீரோடு எலிக்காய்ச்சல் வரும், நாய்க்கும் வரும். ஆண்டுத் தடுப்பூசியில் அதுவும் சேர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். நாயைக் கொண்டுவர மிகப் பொருத்தமான காலம் மாரி ஓய்ந்து வெயில் உச்சத்துக்கு ஏறாத பெப்ரவரி, மார்ச். போயா விடுமுறையோடு சேர்ந்த வார இறுதியாகப் பார்த்தால் நீங்களும் வீட்டில் இருக்கலாம்.

விசர்நோய், பிள்ளை, அம்மா

"வீட்டு நாய், சாதி நாய், அதற்கு விசர் வராது" என்று எழுதியிருக்கிறீர்கள். விசர்நோய்க் கிருமி சாதி பார்ப்பதில்லை. தடுப்பூசியை ஒவ்வொரு வருடமும் போட வேண்டும். ஒருமுறை போட்டதால் ஆயுளுக்கும் போதும் என்பதும் தவறு. முன்வரலாறு தெரியாத நாய் என்பதால், காப்பகத்திலேயே ஊசி போட்டு, குறைந்தது ஒரு மாதமாவது கழிந்த பின் அட்டையோடு கொண்டுவாருங்கள். உங்கள் ஊர் நாய்க்கும் ஊசி போடுங்கள். சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையூடாக அது இலவசமாகவே போடப்படுகிறது. ஊசி போட்ட நாயே கடித்தாலும், பிறாண்டினாலும், காயத்தை ஓடும் நீரில் சவர்க்காரமிட்டுப் பதினைந்து நிமிடம் கழுவி, அன்றே அரச வைத்தியசாலைக்குப் போங்கள். மனிதருக்கு ஊசி தேவையா, நாயைப் பதினான்கு நாள் அவதானித்தால் போதுமா என்பதை அங்குள்ள வைத்தியர் சொல்லட்டும், அயலவர் சொல்ல வேண்டாம்.

மகளுக்கு நாய்ப் பாசத்தைக் கற்றுக்கொடுக்கும் முன் நாய் மரியாதையைக் கற்றுக்கொடுங்கள். சாப்பிடும் நாய், தூங்கும் நாய் ஆகியவற்றின் கிட்டப் போகக் கூடாது. கழுத்தைக் கட்டிப் பிடிக்கக் கூடாது. அது எழும்பிப் போனால் பின்தொடரக் கூடாது. பெரியவர் இல்லாமல் இருவரையும் ஓரிடத்தில் விடவே கூடாது, ஐந்து நிமிடத்துக்கும் கூடாது. கடிக்கும் முன் நாய் பலமுறை சொல்லிப் பார்க்கும்: முகத்தைத் திருப்பும், உதட்டை நக்கும், நித்திரை வராமலே கொட்டாவி விடும், கண்ணின் வெண்மை பிறைபோல் தெரியும், இளைத்துக்கொண்டிருந்த வாய் திடீரென மூடி உடம்பு விறைக்கும். அதன் பிறகே உறுமும். உறுமியதற்கு அடிக்காதீர்கள். உறுமலை அடித்து நிறுத்திய வீடுகளில்தான் "ஒன்றும் சொல்லாமல் கடித்துவிட்டது" என்ற கதை பிறக்கிறது.

அம்மா சொல்லும் முடிக் கதையில் பாதி உண்மை. விழுங்கிய முடி ஆஸ்துமாவைத் தருவதில்லை. நாயின் தோற்பொடுகிலும் எச்சிலிலும் உள்ள புரதங்களே ஒவ்வாமையைத் தூண்டுகின்றன, அவை இல்லாத நாய் இனம் கிடையாது. புழு முட்டைகள் கையிலும் முடியிலும் ஒட்டி வரலாம் என்பதும் மெய். மூன்று மாதத்துக்கொருமுறை பூச்சி மருந்தும் சாப்பாட்டுக்கு முன் கைகழுவலும் அதற்குப் போதும். அவருடைய படுக்கையறைக்குள் நாயை ஒருபோதும் விட வேண்டாம். கிளினிக்கில் அவரைப் பார்க்கும் வைத்தியரிடமும் முன்கூட்டியே சொல்லுங்கள்.

வேலியும் அயலும் சட்டமும்

மூன்று பக்கக் கம்பி வேலி இந்த நாய்க்கு வேலியே அல்ல. அடைப்பைத் தவிர, பின்பக்கத்தையாவது மறைப்போடு உயர்த்துங்கள். பார்வை மறைந்தால் குரைப்பும் குறையும். பின்வளவுக் குடும்பத்தைப் பற்றி நீங்கள் கவலைப்பட்டது எனக்குப் பிடித்திருந்தது. நம் பகுதி முஸ்லிம்கள் பெரும்பாலும் பின்பற்றும் ஷாபி மத்ஹப் என்ற இஸ்லாமியச் சட்டப் பிரிவின்படி, நாயின் ஈரமான வாய் உடையிலோ பாத்திரத்திலோ பட்டால் ஏழு தடவை, அதில் ஒரு தடவை மண் கரைத்த நீரால், கழுவ வேண்டும். தொழுகைக்குப் புறப்பட்டவரின் உடையில் உங்கள் நாய் மூக்கை வைத்தால் அது அவருக்குச் சிறிய விடயமல்ல. அடைப்பை அவர்கள் எல்லையிலிருந்து தள்ளி அமையுங்கள். நாய் வருவதற்கு முன் போய், இப்படி ஒரு எண்ணம் இருக்கிறது, இன்ன பாதுகாப்புச் செய்கிறோம் என்று சொல்லுங்கள். வந்த பின் சொல்வது அறிவித்தல், வருவதற்கு முன் சொல்வது மரியாதை.

சட்டப் பக்கத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். நான் சட்டத்தரணி அல்ல, வழக்கென்று வந்தால் சட்டத்தரணியிடமே போங்கள். 1901 ஆம் ஆண்டின் நாய்கள் பதிவுக் கட்டளைச் சட்டம் இன்றும் நடைமுறையில் உள்ளது. பிரதேச சபையில் பதிவு செய்யுங்கள். நம் நாட்டின் பொதுச் சட்டமான உரோமன் ஒல்லாந்துச் சட்டத்தின்படி, வளர்ப்பு மிருகம் விளைவித்த தீங்குக்கு, கவனயீனம் இல்லாவிட்டாலும் உரிமையாளர் நட்டஈடு செலுத்த வேண்டி வரலாம். "படலையில் 'நாய் கவனம்' என்று பலகை போட்டிருந்தேன்" என்பதை மட்டும் நம்பி இருக்க முடியாது. நாயைப் பொறுப்பேற்கும் முன், முன்னைய உரிமையாளர் உரிமையைக் கைவிட்டதைக் காட்டும் எழுத்து காப்பகத்திடம் இருக்கிறதா என்று கேளுங்கள். வெளிநாட்டிலிருந்து இரண்டு வருடம் கழித்து வந்து "எங்கட நாய்" என்பவர்களும் உண்டு.

உங்கள் ஊர் நாயோடு முதற் சந்திப்பை வளவுக்குள் வைக்க வேண்டாம். இரண்டு பேர், இரண்டு கயிறு, வெளி வீதியில் பத்தடி இடைவெளியில் ஒரே திசையாக நடந்து, பிறகு சேர்ந்து உள்ளே வாருங்கள். கோழிகளைப் பற்றி எந்த வாக்குறுதியும் தர மாட்டேன், கூட்டைப் பலப்படுத்துங்கள்.

இனி நீங்கள் செய்ய வேண்டியது. மனைவி நாயைப் பார்த்து, மனமொப்பிச் சரியென்றால், காப்பகத்தாரிடம் நேரடியாகத் தத்தெடுப்பைக் கேட்காமல், நான்கு வாரத் தற்காலிகப் பராமரிப்பாகத் தரும்படி எழுத்தில் கேளுங்கள். சரிவராவிட்டால் நாயைத் திருப்பி எடுத்துக்கொள்வோம் என்ற வரி அதில் இருக்க வேண்டும். நல்ல காப்பகம் அதற்கு மறுக்காது, மறுத்தால் அதுவே ஒரு தகவல். குருதிப் பரிசோதனை, எக்ஸ்ரே முடிவுகளையும் தடுப்பூசி அட்டையின் பிரதியையும் எனக்கு அனுப்பி வையுங்கள், பார்த்துச் சொல்கிறேன். மனைவி வேண்டாம் என்றால் காப்பகத்துக்கு அன்றே சொல்லிவிடுங்கள். உங்கள் பதிலுக்காக அவர்கள் வேறு வீட்டாரைக் காத்திருக்க வைத்திருக்கக்கூடும்.